கிழக்குக் கூடைக் கணக்கு

முருகன் துணை

தச்சநல்லூர்,
11.9.1995

பம்பாயில் இருக்கும் தம்பி சிவசைலத்துக்கு, அக்கா செல்லக்கிளி திருச்செந்தூரானை மனசில் நிறுத்தி எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், உன் மருமகள் சுப்ரியா மூவரும் சுகம். அத்தானின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் வீட்டிலும் எல்லோரும் இப்படியே இருக்க வேண்டும், முழங்கால் நீங்கலாக.

நிற்க. உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். சுப்ரியாவின் காலேஜ் கூடைப்பந்து டீம் ரெண்டு வருஷமாக முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது உனக்குத் தெரியும். அவளுக்கு இது கடைசி வருஷம். வருகிற 23-ஆம் தேதி பாளையங்கோட்டையில் ஜெயித்தால் மதுரைக்குப் போகலாம், இல்லையென்றால் அதோடு அவள் பந்தைத் தொட வழியில்லை. போன வருஷம் வரை அவர்கள் ஆட்டம் எனக்கே புரியும். அன்னத்தாய் என்று ஒரு பிள்ளை, நிலைவாசலில் தலை இடிக்கிற உயரம், கூடைக்கு அடியில் போய் நிப்பா. மற்ற நாலு பேரும் பந்தை அவள் கையில் சேர்த்தால் போதும். அவள் படிப்பு முடிந்து விக்கிரமசிங்கபுரத்துக்குக் கல்யாணமாகிப் போயிட்டா. இந்த ஜூனில் வேறு காலேஜிலிருந்து டி.சி. வாங்கிக்கிட்டு ரெண்டு பிள்ளைகள் வந்திருக்கு. தூத்துக்குடி சாலோமி, பந்து கைக்கு வந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுதா. மெட்ராஸ் ஸ்னேகா கூடைப் பக்கமே போறதில்லை, எட்ட நின்னே எறியுதா. கோச் ஜேசுதாசன், உன்கூடப் பள்ளிக்கூடத்தில் பந்தடிச்சவர்தான், "இனிமே ஒரு ஆளை நம்பி ஆட வேண்டாம், அஞ்சு பேரும் ஓடணும், அஞ்சு பேரும் எறியணும்"னு சொல்லிட்டார்.

இந்தப் புது முறை எப்படி என்று பார்க்க மூன்று பயிற்சி ஆட்டத்துக்கும் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். முதல் நாளே கூத்து. சாலோமி பறக்கா, சுப்ரியா அவளை நிதானப்படுத்த "ஏட்டி, பைய! பைய!"னு கத்துதா. சாலோமி காதில் வாங்கவே இல்லை. மெட்ராஸ் பிள்ளை ஆட்டத்தை விட்டுட்டு, மைதானத்து ஓரத்தில் பைகள் கிடக்கிற இடத்துக்கு ஓடிப்போய், "எந்தப் பையக்கா? நீலமா, செவப்பா?"ன்னு கேட்டுக்கிட்டு நிக்கா! அதுக்குள்ள எதிராளி ஒரு கூடை போட்டாச்சு. "மெதுவானு சொன்னா என்னக்கா?"ன்னு அவளுக்குக் கோபம். "மெதுவான்னு சொல்லுததுக்குள்ள பந்து போயிருமே"ன்னு இவளுக்குக் கோபம். இப்போ ஸ்னேகாவும் சேர்ந்து "பைய"ங்கா, காரியம் நடக்கு.

ஆனால் தம்பி, என் கணக்குதான் உதைக்குது. பந்து யார் கையில் இருந்தாலும் கூடையை நெருங்கினால் என்னால் பார்க்க முடியாது, கண்ணை மூடி முருகனைக் கூப்பிடுவேன். சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால் எந்தக் கூடையின் வலை ஆடுதோ அந்தப் பக்கம் ஒரு கோடு. ஆட்டம் தொடங்கும்போது நம்ம பிள்ளைகள் பந்தை எறிவது கிழக்குக் கூடையில், ஆகவே கிழக்கு நமக்கு, மேற்கு எதிராளிக்கு. கடைசி ஆட்டத்தில் இடைவேளை வரை நமக்குப் பதினொன்று, அவர்களுக்கு ஆறு. இடைவேளைக்கு அப்புறம் நமக்கு மூன்றே மூன்று, அவர்களுக்குப் பதினாலு! மூன்று ஆட்டத்திலும் இதே கதை. புது முறை அருமைதான், ஆனால் மூச்சு பாதியிலேயே தீர்ந்துபோகுது. தோத்தும் பிள்ளைகள் சிரிச்சுக்கிட்டே வருதுக, அவ்வளவு பக்குவம். சுப்ரியாவை அணைச்சு, "போகட்டும்மா"ன்னு தேத்தினேன். "எதும்மா போகட்டும்?"னு கேட்கா. வைராக்கியக்காரி. உன் அத்தானோ, "இவளே, வலை ஆடினதுக்கெல்லாம் கோடு போட நீ என்ன மீன் பிடிக்கவா போன?"ங்காக.

ஆகையால் கடிதம் கண்டதும் ஜேசுதாசனுக்குப் போன் போடு. இடைவேளை வரை புதுப் பிள்ளைகள் இஷ்டப்படி ஓடட்டும், எறியட்டும். அதுக்கு அப்புறம் பழையபடி ஒரு பிள்ளையைக் கூடைக்கு அடியில் நிறுத்தினால் மதுரை நமக்குத்தான் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. நீயும் பிள்ளைகளும் எடுத்த காரியமெல்லாம் கூடிவர காந்திமதி அம்மை கூடவே நிற்பாள்.

இப்படிக்கு,
அக்கா செல்லக்கிளி

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், சுப்ரியா நோட்டைப் பார்த்துவிட்டாள். "யம்மா, இடைவேளைக்கு அப்புறம் ரெண்டு டீமும் பக்கம் மாத்திக்கிடுவோம்லா! மூணு ஆட்டமும் ஜெயிச்சாச்சு"ங்கா. ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே! திருப்பிக் கூட்டிப் பார்த்தேன், இருபத்தைந்துக்கு ஒன்பது. ஜேசுதாசனைத் தொந்தரவு செய்யாதே. மதுரையில் உன் மச்சினிக்குப் போன் போட்டு, பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இட்லி அவிக்கிற கொப்பரை இருக்கா என்று கேட்டு உடனே எழுது.