உத்தய்யாவின் மூன்று வாழைகள்

"மாமா, முட்டியை மார்புக்குக் கொண்டு வாங்க. இன்னும் கொஞ்சம்... என்ன, பாதியிலேயே நின்னுடுச்சு?"

"நிக்கலை. யோசிக்குது" என்றார் உத்தய்யா, பல்லைக் கடித்துக்கொண்டு.

விராஜ்பேட்டை பிசியோதெரபிஸ்ட் தேச்சம்மா பெருமூச்சு விட்டாள். ஹாக்கி ஆடியதில் கிழிந்த அவருடைய இடுப்பு மூட்டுச் சவ்வை மைசூரில் சிறு துளை போட்டு, கேமரா விட்டுத் தைத்திருந்தார்கள். தையல் அழகாக ஆறிவிட்டது. இந்நேரம் காப்பித் தோட்டத்தில் நடைபோட வேண்டிய மனிதர், கட்டிலைவிட்டு இறங்கவே சுவரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதுகுல ஏதாவது பழைய தொந்தரவு உண்டா?"

"எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கா? முதுகுலயா?"

மைசூர் டாக்டரிடமும் இதையே சொல்லியிருந்தார். அவருடைய அடிமுதுகு பத்து வருடமாக முனகிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். அடுத்த மாதம் அக்கா மகனுக்குக் கல்யாணம். குடகு வழக்கப்படி, பெண் வீட்டுப் பந்தல் முன் நட்டிருக்கும் மூன்று வாழைகளையும், வாழைக்கு ஒரே வீச்சாக, மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒடிக்கத்தி என்ற அகன்ற வளைகத்தியால் வெட்டிச் சாய்க்க வேண்டும். கத்தி பாதியில் நின்றால் குடகு முழுவதும் சிரிக்கும். ஹாக்கியில் போன இடுப்பு விழுப்புண். முதுகுவலி அப்படியல்ல. தெரிந்தால் கத்தியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

"அப்போ இடுப்புலதான் குறை" என்று தேச்சம்மா இடுப்புப் பயிற்சியை இரட்டிப்பாக்கினாள். மறுநாள் முதுகு பிடித்துக்கொண்டது. உத்தய்யா தொடையில் வலி என்றார். தொடைக்கும் பயிற்சி வந்தது. கால் பெருவிரல் மரத்தது. செருப்பு கடிக்கிறது என்றார்.

பார்க்க வந்த மைத்துனன் கரும்பய்யா கொதித்தான். "டாக்டர் சொதப்பிட்டான், மாமா! ஜீப்பை எடுக்கறேன். மைசூர் போய் ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்."

"டேய், வேணாம்டா!" என்று துள்ளி எழுந்த உத்தய்யா, எழுந்த கோணத்திலேயே நின்றுவிட்டார். அவரால் உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

தேச்சம்மாவை அழைத்து வந்தார்கள். அவள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அடிமுதுகில் ஓரிடத்தை விரலால் அழுத்தினாள். எழுந்த அலறலில் தோட்டத்துக் குரங்குகள் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோயின.

"மாமா, குனிஞ்சு நிமிர முதுகும் இடுப்பும் பங்கு போட்டுத்தான் வேலை செய்யுது. முதுகு அசைய மாட்டேன்னா, அதோட பங்கையும் புதுசா தைச்ச இடுப்புதான் சுமக்கணும். அது எப்படித் தேறும்? முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டையும் சேர்த்துப் பார்த்திருப்போமே."

"கண்ணு, இது வெளியே போகக் கூடாது."

"போகாது. ஆனா கத்தியைத் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

மறுநாளே தொட்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழைகளில் ரகசியமாகப் பழகினார். ஒவ்வொன்றிலும் கத்தி பாதியில் மாட்டிக்கொண்டது. வெட்டுவதைவிட உருவுவதற்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது.

"என்னங்க, நம்ம வாழை எல்லாம் பாதி வெட்டுப்பட்டு நிக்குதே?" என்றாள் மனைவி போஜம்மா.

"யானை வந்திருக்கும்."

"ஒடிக்கத்தியோடயா?"

போஜம்மா வெட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கல்யாண நாள் வந்தது. கறுப்பு அங்கி, பட்டு இடைக்கச்சு, கையில் கத்தி. மேளம் முழங்க, இரண்டு வீட்டாரும் வட்டமாக நின்றார்கள். உத்தய்யா கண்ணை மூடிக்கொண்டு வீசினார்.

வாழை சாய்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார், நிஜமாகவே சாய்ந்திருந்தது. இரண்டாவதும் சாய்ந்தது. மூன்றாவது, கத்தியின் காற்றுப் பட்டதுமே விழுந்ததுபோல் இருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த நிமிடம் அவருக்கு இடுப்பும் வலிக்கவில்லை, முதுகும் வலிக்கவில்லை.

பெண்ணின் பெரியப்பா பெம்மய்யா ஒரு கிளாஸை நீட்டினார். உத்தய்யா மீசையைத் தடவிக்கொண்டார்.

"பார்த்தீங்களா சம்பந்தி? ஆபரேஷன் ஆன ஆளு நான்! எங்க அப்பாவும் தாத்தாவும் இப்படித்தான் ஒரே வீச்சு. எங்க வீட்டு முதுகு அப்படி!"

"உங்க வீட்டு முதுகைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா சம்பந்தி?" என்றார் பெம்மய்யா வாஞ்சையோடு. "உங்க தாத்தா காலத்துலேர்ந்து, நீங்க வெட்டப் போற வீட்டுக்கெல்லாம் முதல் நாளே உங்க வீட்டுப் பொம்பளைங்க ஆள் அனுப்பிடறாங்களே, வாழையை முக்கால்வாசி அறுத்து வெச்சிடுங்கன்னு!"