மூக்குக்கு வாய்த்த நாக்கு

"ஏம்மா, இதைக் குடிச்சா உனக்கு என்ன ஞாபகம் வருது?" என்று மூக்கு ஒருநாள் அவளிடம் கேட்டார்.

பதினோரு வருடமாக அந்த ருசி பார்க்கும் அறையில் அவள் கோப்பை கழுவுகிறாள். இதுவரை யாரும் அவளிடம் கேட்டது இரண்டே கேள்விகள்தான். துடைச்சாச்சா என்பது ஒன்று. உடைச்சது நீயா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தலையை அசைத்தால் போதும். இந்தப் புதுக் கேள்விக்கு எந்தப் பக்கம் அசைப்பது என்று தெரியாமல் கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். அது காய்ந்த துணி.

மூக்கு என்பது அவருடைய பெயர் இல்லை. அந்த ஒயின் ஆலையில் எந்தப் பீப்பாயை எப்போது திறப்பது, எந்தப் புட்டியை இன்னும் எத்தனை வருடம் நிலவறையில் படுக்கவைப்பது என்று மோந்து பார்த்துச் சொல்வது அவர் வேலை. முதலாளியே அவரை அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு மாதத்துக்கு முன்பு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் பால் பொங்கி, கருகி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டும்வரை மனிதர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம்.

ஆலையில் இது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கோப்பைக் கறை போவதற்காக ஒரு கோப்பையில் வினிகரையும் தண்ணீரையும் கலந்து ஊறவைத்திருந்தாள். மூக்கு வந்தார். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுழற்றினார். ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார். "இளசு. இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் அவள் வினிகர் கேனைத் திறந்து அதே கோப்பையில் ஊற்றுவதைப் பார்த்தவர், பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

இப்போது அவர் அவளிடம் வந்து நிற்பதற்குக் காரணம் வெள்ளிக்கிழமை. அன்று மத்தியானம் ஒரு பெரியவர் வருகிறார். பழைய ஒயின்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்ப்பவர். அவருக்குக் காட்டப்போவது பழைய தோட்டத்து வெள்ளை ஒயின். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு முறை அந்தத் தோட்டத்துத் திராட்சையைத் தனியாகப் பிழிந்து புட்டியில் அடைத்தார்கள். மற்ற வருடங்களில் எல்லாம் மற்ற தோட்டத்துப் பழத்தோடு கலந்துவிடுவதுதான் வழக்கம்.

அந்தக் கொடிகளுக்கு எண்பது வயது என்கிறார்கள். கொடி என்று சொல்லவே வாய் வராது. யாரோ துணியை முறுக்கிப் பிழிந்து, உதறாமல் அப்படியே நட்டுவைத்தது போல வரிசையாக நிற்கும். வருடத்துக்கு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குலை தரும். அதையும் மனசில்லாமல்தான் தரும். அவற்றைக் கிளை வெட்டிக் கவாத்து செய்வது அவளுடைய கணவன். பத்தொன்பது வருடமாக அவன் கத்தரி வேறு தோட்டத்தில் பட்டதில்லை. தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் இரண்டு அறை வீடு கவாத்துக்காரனுக்கென்று விட்டது. கொடி போனால் கவாத்து இல்லை. கவாத்து இல்லையென்றால் வீடு இல்லை.

பழைய தோட்டம் இருப்பதா, பிடுங்குவதா என்று வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவர் ருசி பார்ப்பதை வைத்துத்தான் முடிவாகும் என்று மேஸ்திரி எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் கணவன் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டான். "நல்லா இருந்துடணும்" என்று நடுவில் ஒருமுறை சொன்னான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. சுவரிடமாக இருக்கலாம்.

ஆகவே மூக்கு திட்டத்தைச் சொன்னதும் அவள் மேலும் கீழுமாகத் தலையை அசைத்தாள். அவளுக்கு வாய் இருக்கிறது, அவருக்கு வார்த்தை இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் ஆகிவிடும் என்பதுதான் திட்டம்.

புதன்கிழமை ஒத்திகை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பழைய தோட்டத்து வெள்ளையில் ஒரு புட்டியை எடுத்து மூக்கு ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்தாள்.

"குளுந்த தண்ணி மாதிரி இருக்கு சார்."

மூக்கின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் அவளுக்கு ஒயினைத் தெரிந்த விதம் ஒன்று இருந்தது. பதினோரு வருடமாக அவளிடம் வந்து சேர்ந்ததெல்லாம் மிச்சம்தான். பேசி, சிரித்து, எல்லோரும் எழுந்து போனபிறகு கோப்பையின் அடியில் தேங்கிக் கிடக்கும் ஒரு விரற்கடை. புதிதாக ஊற்றும்போது எதுவும் சொல்லாத வெள்ளை ஒயின், கழுவப்போகும் நேரத்தில் வாய் ஓயாமல் பேசும் என்பது அவளுக்குத் தெரியும். கோப்பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு, நாற்பது கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மறுபடி எடுத்துக் குடித்தாள்.

"மழையில நனைஞ்ச சுவரு" என்றாள்.

"நல்லது. எந்தச் சுவரு?"

"எங்கப்பாவைக் கிடத்தியிருந்த ரூமு."

மூக்கு நோட்டில் 'ஈரக்கல்' என்று எழுதினார்.

"அப்புறம் மெழுகு. எங்க அத்தை போனன்னிக்கு கரன்ட் இல்ல."

'தேன்மெழுகு' என்று எழுதினார்.

"வேகவச்ச பேரிக்காய்."

"அதுல யாரு செத்தா?"

"யாரும் சாகல சார். சித்தப்பாவுக்கு முடியாம இருந்தப்ப வேகவச்சுக் கொடுத்தோம். அவரு அடுத்த வாரம்தான் போனாரு."

மூக்கு பேனாவை மூடி, திறந்து, வாய்க்குள் அது எப்படி இருக்கிறது, கனமா லேசா என்று கேட்டார். அவள் இன்னொரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் பழத்தோல் மாதிரி லேசாக நாக்கைப் பிடிக்கிறது, அப்புறம் விட்டுவிடுகிறது.

"ரொம்ப நாள் துவைச்ச துணியை நாக்கால தொட்ட மாதிரி இருக்கு. முழுங்கினாலும் போகல சார். வாசல் வரைக்கும் போயிட்டு, அங்கேயே நின்னு பேசிட்டு இருக்கு."

மூக்கு எழுதவில்லை. ஒருகாலத்தில் தனக்கும் அப்படித்தான் இருந்தது என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

பழைய ஒயின் புட்டிக்குப் புட்டி மாறும். அதனால் வெள்ளிக்கிழமை அவள் பக்கத்திலிருக்கும் கழுவும் அறையிலிருந்து ஒரு வாய் பார்த்துவிட்டு அரைக்கதவுக்கு மேலே சைகை காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. துடைக்கும் துணி வலது தோளில் கிடந்தால் ஈரக்கல். இடது தோளில் மெழுகு. கையில் இருந்தால் பேரிக்காய். கழுத்தைச் சுற்றியிருந்தால் அந்தத் துணி விஷயம்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தால், முதலாளி பெரியவருக்கென்று நிலவறையிலிருந்து எடுத்த இரண்டு புட்டிகளையும் ஐஸ் வாளியில் கழுத்துவரை புதைத்து வைத்திருந்தார். வருகிறவர் பெரிய மனிதர். எவ்வளவு குளிரோ அவ்வளவு மரியாதை என்பது முதலாளியின் கணக்கு. இப்படியே விட்டால் பெரியவர் குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து ஐஸைத் தொட்டியில் கொட்டிவிட்டு வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தாள்.

முதலாளி வந்து விரலை விட்டுப் பார்த்தார். ஐஸ்கூட இங்கே வேலை செய்ய மாட்டேன் என்கிறது என்று சலித்துக்கொண்டார். வேறு ஐஸ் கொண்டுவரச் சொல்லி, குளிர் கூடுவதற்காக இந்தத் தடவை உப்பும் போட்டு, வாளியைத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

வாளி கைவிட்டுப் போனதால் அவள் கோப்பைகளைப் பிடித்தாள். கோப்பை சூடாக இருந்தால் ஒயினின் குளிர் முறியும் அல்லவா? கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைத்து, சுடச்சுட மேஜையில் வைத்தாள். பெரியவர் வந்து உட்கார்ந்தார். மெலிந்த, சிரிக்காத மனிதர். முதலாளி உறையப்போகும் குளிரிலிருந்த ஒயினைச் சுட்டுக்கொண்டிருந்த கோப்பையில் ஊற்றினார். கோப்பை டப்பென்று இரண்டாகப் பிளந்தது. முதலாளி பதறிக் கையை உதற, புட்டி சாய்ந்து, பன்னிரண்டு வருடம் படுத்திருந்த ஒயின் அவர் கால்சட்டையில் இறங்கியது.

"பரவாயில்ல" என்றார் பெரியவர். அதைச் சொன்ன விதத்தில் பரவாயில்லாதது போலத்தான் இருந்தது.

வாளியில் மிஞ்சியது ஒரே புட்டி. அதை மூக்கு திறந்தார். அவர் அவசரமாகத் திருகியதில் பழைய தக்கை பாதியில் உடைந்து, மீதி பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. அவர் புட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவும் அறைக்கு ஓடிவந்தார். பேச நேரமில்லை. அவள் கையிலிருந்த சுத்தமான துணியை ஒரு ஜாடியின் வாயில் விரித்து, அதன் வழியாக ஒயினை மெதுவாக வடித்தாள். ஜாடி வெந்நீர்த் தொட்டியின் விளிம்பில் நின்றது. அவள் வேறு கோப்பைகள் தேடி எடுத்து, ஆறவைத்து, துடைத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றது.

பிறகு எல்லோருக்கும் ஊற்றினார்கள். மூக்கு கோப்பையைச் சுழற்றினார். முகர்வது போல முகர்ந்தார். அரைக்கதவைப் பார்த்தார்.

அவளிடம் துணி இல்லை. அது ஒயினில் ஊறி, தக்கைத் தூளோடு தொட்டியில் கிடந்தது.

வலது தோள் காலி. இடது தோள் காலி. கையில் ஒன்றுமில்லை. அவள் பயத்தில் கழுத்தைத் தொட்டாள். பிறகு வேர்த்த நெற்றியை முழங்கையால் துடைத்தாள். முழங்கைக்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் பேசிவைத்திருக்கவில்லை. மூக்குக்கு எழுதிவைத்த அழகான வார்த்தைகள் அத்தனையும் மறந்துபோயின. மண்டைக்குள் அவள் சொன்னவை மட்டும் மிச்சமிருந்தன.

"ஒரு அப்பா" என்று ஆரம்பித்தார். "ரூமுல கிடத்தியிருக்காங்க. மழை. அப்புறம் அத்தை... கரன்ட் இல்ல. சித்தப்பா இன்னும் இருக்காரு. ஆனா அடுத்த வாரம் தாங்க மாட்டாரு."

முதலாளி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அது யாருடைய அப்பா என்று கேட்டார்.

மூக்கு அதற்குமேல் பொய் சொல்லத் தெம்பில்லாமல் அரைக்கதவைக் காட்டினார். தனக்கு இரண்டு மாதமாக வாசனை தெரியாது என்பதையும் சொல்லிவிட்டார்.

அவளை வெளியே வரச் சொன்னார்கள். ஈரக் கையோடு வந்து மேஜையருகில் நின்றாள். பெரியவர் தன் கோப்பையை அவளிடம் நீட்டி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அவள் ஒரு வாய் குடித்தாள். வீட்டை நினைத்தாள். சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறவனை நினைத்தாள். வாழ்நாளில் அவள் ஒரேயடியாகப் பேசியதில் அதுதான் மிக நீளம்.

"இது மொதல்ல வாயே திறக்காதுங்க. கூச்சம். கொஞ்ச நேரம் விட்டாத் தானா பேசும். மழை விட்டதும் சுவரு ஒரு மூச்சு விடுமே, அது. அப்புறம் பழத்தோலு மாதிரி நாக்கைப் பிடிச்சு நிறுத்தி, நான் சொல்றதைக் கேளுன்னும். அப்புறம் மெத்துன்னு ஆயிடும். இன்னும் பத்து வருஷம் வச்சாலும் தாங்கும்ங்க. வேரு அவ்வளவு ஆழம். மேல எல்லாம் காஞ்சு கிடந்தாலும் அது எங்கேயோ போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்துடும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. இது மாதிரி இன்னொண்ணு எங்க தேடினாலும் கிடைக்காதுங்க."

பெரியவர் கோப்பையைத் திரும்ப வாங்கி மெதுவாகக் குடித்தார். கண்ணை மூடினார். திறந்தபோது கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துக்கறேன்" என்று முதலாளியிடம் சொன்னார். "நாம பேசினபடியே."

முதலாளி ஈரக் கால்சட்டையோடு எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூக்கையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. இனி இருவரும் சேர்ந்தே ருசி பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அவள் பின்வாசலுக்கு ஓடினாள். படியில் கணவன் சேற்றுப் பூட்சைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தான். பக்கத்தில் பெரியவருடைய கார் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பிடித்துவிட்டது, மொத்தத்தையும் வாங்குகிறார் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். கணவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சுவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். என்ன சொன்னாய், எப்படிச் சொன்னாய் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். உனக்கு இவ்வளவு பேச வருமா என்றான். மழை விட்டதும் மூன்றாவது வரிசையில் சாய்ந்து நிற்கும் கொடிகளுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும், இனி பயமில்லை என்றான்.

டிரைவர் டீயை ஊதினார்.

"எதுக்குண்ணே மெனக்கெடுறீங்க? எங்கய்யா சுமாருன்னு துப்பியிருந்தா அந்தக் கொடிங்க பாட்டுக்கு நின்னிருக்கும். பிடிச்சுப்போச்சுன்னா, இனி அதுல இன்னொரு புட்டி வேற யார் கைக்கும் வரக்கூடாதுன்னு, வேரோட பிடுங்கச் சொல்லித்தான் எப்பவும் வாங்குவாரு."

கணவன் எழுந்தான். பூட்சைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், அவள் பக்கம் திரும்பாமல் தூறலில் இறங்கிப் போனான்.