காதர் பாய் வீட்டு சோபா

பொய் சொன்னால் போதாது, அதற்கு உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். இந்தப் பேருண்மை எனக்கு ஐம்பத்தாறாவது வயதில்தான் விளங்கியது, அதுவும் அடுத்தவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி.

புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள், அறுத்து எடுத்தார்கள், பிழைத்தேன். இதை ஒரே மூச்சில் எழுதிவிட முடிகிறது. பிழைத்த பிறகு நடப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. இருமினால் ஒரு சொட்டு சிறுநீர், சிரித்தால் இரண்டு, நாற்காலியை விட்டு எழுந்தால் சிற்றோடை. பினாங்குத் தீவில் பிறந்து வளர்ந்தவன் நான். அதுவரை வெளியே இருந்த கடல் எனக்குள்ளேயும் ஏறி இறங்கத் தொடங்கியது. ('கொஞ்ச நாளைக்குக் கசியும்' என்றார் டாக்டர். டாக்டர்களின் நாள்காட்டி வேறு.)

கெலுகோரில் ஒரு சமூகக் கூடத்தின் மாடியில் சனிக்கிழமை காலைகளில் எங்களைப் போன்ற ஆண்கள் கூடுவார்கள். நடத்துபவர் குணா அண்ணன், ஓய்வுபெற்ற தபால்காரர், இதே அறுவை சிகிச்சையைத் தாண்டி எட்டு வருடமானவர். அங்கே ஒரு வழக்கம். பெயர், ஊர் எல்லாம் அப்புறம். கசிவை உறிஞ்ச உள்ளே வைக்கும் பேட் ஒரு நாளைக்கு எத்தனை நனைகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரிய பெரிய மீசைகள் கூச்சமே இல்லாமல் "மூணு", "ரெண்டு", "நேத்து மழை, அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தன. என் முறை வந்தது. உண்மை, நான்கு.

"கோசோங்" என்றேன். ஒன்றுமே இல்லை என்பதற்கு மலாயில் இருக்கும் அழகான சொல்.

அறையே கைதட்டியது. மூன்றே மாதத்தில் கோசோங்! பக்கத்திலிருந்த சீனப் பெரியவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அப்போதே திருத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறாம் வகுப்புச் சாக்கு ஓட்டத்துக்குப் பிறகு எனக்குக் கைதட்டல் கிடைத்ததே இல்லை.

தண்டனை தேநீர் இடைவேளையில் வந்தது.

"தம்பி, அக்கரையில செபராங் ஜெயாவில காதர் பாய்னு ஒருத்தர் இருக்காரு" என்றார் குணா அண்ணன். "சூலியா தெருவில மசாலா கடை. நமக்குச் செஞ்ச அதே ஆபரேஷன்தான். தேதிய ரெண்டு தடவ தள்ளிட்டாரு. வர்ற வியாழக்கிழமை மூணாவது தேதி, இனிமே தள்ளக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நான் பேசிப் பாத்தேன், கேக்கல. உன்னை மாதிரி ஆளப் பாத்தா நம்பிக்கை வரும் லா. நாளைக்கே போயிட்டு வா."

"எதுக்குப் பயப்படுறாரு?"

"ஈரத்துக்குத்தான். தொழுகையில நிக்கிறப்ப நனைஞ்சிட்டா என்ன செய்யறதுன்னு."

காய்ந்த மனிதன் காய்ந்தவனாகத் தெரிய வேண்டாமா? ஞாயிறு காலை, மகளின் பட்டமளிப்பு விழாவுக்குத் தைத்த வெளிர்மஞ்சள் கால்சட்டையை எடுத்தேன். பேட் வைத்தால் புடைத்துக்கொண்டு தெரியும். எனவே வைக்கவில்லை. மனைவி வசந்தி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேட் வச்சீங்களா?"

"தேவையில்ல. நிமிர்ந்து போறேன்."

"போறது சரி. வர்றப்ப?"

பாலத்தில் காரை ஓட்டும்போது இரு பக்கமும் தண்ணீர் மினுங்கியது. நான் திரும்பியே பார்க்கவில்லை.

காதர் பாய் என்னைவிட நான்கு வயது இளையவர். ஆறடி ஆள், ஆனால் நாற்காலியின் ஓரத்தில், பல் பிடுங்கக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். என்னைப் புத்தம்புது சோபாவில் உட்கார வைத்தார்கள். வெல்வெட், பிஸ்தா பச்சை. அவர் மனைவி ஜமீலா அக்கா பெரிய கண்ணாடிக் குவளையில் ரோஸ் சிராப் கொடுத்தார். முழுவதும் குடித்தேன். (வீரன் அல்லவா.) பிறகு பேசினேன், எப்படிப் பேசினேன்! வெயிலில் காயும் கருவாடு என்னைப் பார்த்துப் பொறாமைப்படும் என்கிற அளவுக்குப் பேசினேன்.

காதர் பாய் முன்னால் சாய்ந்தார். "நெசமாவா அண்ணே? ஒரு சொட்டுகூட?"

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் அக்கா காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டார். காரம் கூடத்துக்குள் பரவியது. முதல் தும்மலை அடக்கினேன். இரண்டாவதையும் அடக்கினேன். மூன்றாவது என்னைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. அதன் பின்னாலேயே, வெதுவெதுப்பாக, அவசரமே இல்லாமல், அந்திக் கடல் மணலில் ஏறுவதுபோல மற்றதும் வந்தது.

இனி எழுந்திருப்பதில்லை, இந்த வீட்டிலேயே வயதாகிச் செத்துப்போவது என்று முடிவு செய்தேன்.

"சாப்பிட வாங்கண்ணே, ஆறிடும்" என்றார் அக்கா.

"பசிக்கலக்கா."

"ஒரு வாய் லா."

"வேணாங்க்கா. இங்கயே நல்லாருக்கு."

"அப்ப வெளிய வாங்க, மாமரம் காய்ச்சிருக்கு, பாக்கலாம்" என்றார் காதர் பாய்.

"இங்கிருந்தே தெரியுது பாய்." (சுவர்தான் தெரிந்தது.)

அரை மணி நேரம் இப்படியே போனது. காதர் பாயின் முகம் மெல்ல மாறியது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணே, எங்க வீட்ல சாப்பிட யோசிக்கிறீங்களா? கோழிதாண்ணே. நீங்க வர்றீங்கன்னு இவ புதுச் சட்டி வாங்கிச் சமைச்சிருக்கா."

வாசற்படியில் அக்கா கரண்டியோடு நின்றார். அவர் கண்களை என்னால் பார்க்க முடியவில்லை. சூலியா தெருவில் பாய்மார் சாப்பாட்டுக் கடைச் சோற்றைத் தின்றே வளர்ந்த உடம்பு இது. என் பொய்யோடு நான் இருந்துகொள்ளலாம்; அந்தப் புதுச் சட்டியை அவமதித்துவிட்டு இருக்க முடியாது.

எழுந்து நின்றேன்.

பச்சை வெல்வெட்டில், ஏறக்குறைய பினாங்குத் தீவின் வடிவத்தில், உண்மை பரவியிருந்தது. கால்சட்டையைப் பற்றி எழுதப் போவதில்லை.

"கோசோங் இல்ல பாய். ஒரு நாளைக்கு நாலு பேட். இன்னிக்குப் பவுசுக்காக அதையும் வைக்காம வந்துட்டேன்."

காதர் பாய் சோபாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சோபாவை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார்.

"இவ்வளவுதானா அண்ணே?"

"இவ்வளவுதான்."

"வலிக்குதா?"

"மானம் மட்டும்."

"அடப்பாவிங்களா! பைப்ப தொறந்துவிட்ட மாதிரி ஊத்தும்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்! இதுக்கா ரெண்டு தேதிய தள்ளினேன்?" சிரிக்க ஆரம்பித்தார். ஆறடியும் குலுங்கியது. அது எனக்கும் தொற்றிக்கொண்டது. (சிரிக்கும் முன் தரைப்பக்கம் நகர்ந்துவிட்டேன். மொசைக் தரை, துடைத்தால் போகும்.)

அவருடைய கைலியைக் கட்டிக்கொண்டு, புதுச் சட்டிக் கோழியை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். யாரிடமும் கேட்காமல் வைத்திருந்ததையெல்லாம் அவர் வாய் நிறையச் சோற்றோடு கேட்டார்: எத்தனை மாதம், என்ன பயிற்சி, மனைவியிடம் எப்படிச் சொல்வது. ஒரு பொய்கூடச் சொல்லாமல் பதில் சொன்னேன். தொழுகையைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அவரே இமாமிடம் போய்க் கேட்டார். இப்படிப்பட்ட நோவுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று இமாம் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை காலை காதர் பாய் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இப்போது சனிக்கிழமைக் கூட்டத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. பயந்துபோய் வரும் ஒவ்வொரு புது ஆளுக்கும் என் கதையைத்தான் முதல் மருந்தாகக் கொடுக்கிறார். கறை மட்டும் ஒவ்வொரு முறையும் வளர்கிறது. கடைசியாகக் கேட்டபோது தீவைத் தாண்டி, கெடா மாநிலம் வரை போயிருந்தது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். தீபாவளிக்கு யார் வந்தாலும் வசந்தி முறுக்குத் தட்டை நீட்டியபடி ஆரம்பித்துவிடுவாள்.

"ஆபரேஷனே வேணாம்னு இருந்த மனுஷர இவருதான் சம்மதிக்க வச்சாரு, தெரியுமா?"

"அப்படியா! அப்படி என்ன சொன்னாரு?"

"சொன்னதெல்லாம் பொய். சோபால உக்காந்ததுதான் வேலை செஞ்சது."