இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய்

“பத்தாவது பாஸ் பண்ணி என்னம்மா பண்ணப் போற?”

கல்யாணமான புதிதில், சோற்றைப் பிசைந்துகொண்டே மாமனார் கொளஞ்சி கேட்ட கேள்வி இது. அந்த வருடம்தான் அம்பிகா தனித்தேர்வு எழுதி, கணக்கில் மட்டும் விழுந்திருந்தாள். அவர் சும்மாதான் கேட்டார். அவளுக்குத்தான் சுருக்கென்றது. அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள். இனிமேல் படித்தால் பாஸான பிறகுதான் இந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

இதோ, மறுபடியும் கணக்குப் பரீட்சை நெருங்குகிறது. விஷயம் கணவன் ஜெயப்பிரகாஷுக்கு மட்டும் தெரியும். பாட வீடியோக்களைப் பழைய லேப்டாப்பில் இறக்கித் தந்தவனே அவன்தான். அவன் ஆலத்தியூர் சிமென்ட் ஆலைக்கு ஷிப்டுக்குக் கிளம்பியதும், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொள்வாள். இயர்போன் ஓட்டை என்றைக்கோ செத்துப்போயிருந்ததால், சத்தத்தைக் குறைத்து வைத்து, காதை லேப்டாப்போடு ஒட்டிவைத்துக் கேட்பாள். மாமனாரிடம் சொல்லியிருந்தது, வீடியோ பார்த்து ஆரி ஒர்க் எம்பிராய்டரி கற்றுக்கொள்வதாக.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, லேப்டாப்பின் ஃபேன் கத்த ஆரம்பிக்கும்வரை.

முதலில் டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி ரீங்கரித்தது. அடுத்த நாள் மேடேறும் மினி பஸ் மாதிரி உறுமியது. கணக்கு டீச்சர் வாயை அசைப்பது தெரிந்தது, வார்த்தை எதுவும் வரவில்லை. அம்பிகா வேறு வழியில்லாமல் சத்தத்தைக் கூட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“அம்பிகா, என்னம்மா அது எரைச்சலு?”

“ஆரி ஒர்க்குங்க மாமா!”

“ஆரி ஒர்க்குல டிராக்டரு எதுக்கும்மா ஓட்டுறாங்க?”

அவள் அவசரமாக ஒரு சட்டைத் துணியை எடுத்து லேப்டாப்பைச் சுற்றிப் போர்த்தினாள். சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பும் அடங்கியது. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்.

அம்பிகா தையல்காரி. கிறீச்சிடும் எந்தப் பொருளுக்கும் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். லேப்டாப்பைக் கவிழ்த்து, சல்லடை போலிருந்த ஓட்டையில் இரண்டு சொட்டு விட்டாள். போதுமா என்று சந்தேகம் வந்து இன்னும் கொஞ்சம் விட்டாள்.

ஃபேன் சத்தமே போடாமல் சுற்றியது. அவள் முகம் மலர்ந்தது. மறுநிமிடம் உள்ளே போன எண்ணெயெல்லாம் பக்கத்து ஓட்டை வழியாகப் பொடிப்பொடியாகத் தெறித்தது. தெறித்த இடத்தில் எதிர்வீட்டுச் செங்கமலத்தின் பட்டு ஜாக்கெட் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சூட்டில் எண்ணெய் காய்ந்து வாசனையும் கிளம்பியது.

“வடை சுடுறியாம்மா?”

“இல்லீங்க மாமா!”

“நல்லா வாசன வருதே.”

இந்த முறை குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. அம்பிகா எட்டிப் பார்த்தாள். மாமனார் தம் கயிற்றுக்கட்டிலை இழுத்துவந்து சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். கிழவர் மோப்பம் பிடித்துவிட்டார்!

“இங்க ஏங்க மாமா படுத்திருக்கீங்க? வெக்கையா இருக்குமே.”

“அங்கன ஒண்ணும் காதுல வுழ மாட்டேங்குதும்மா. ஒன் மெஷினு போடுற எரைச்சலு அப்புடி.”

அவர் எப்போதும் கேட்கும் ரேடியோவைச் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து பிசினாகி, ஃபேன் வீறிட்டு அழ ஆரம்பித்தது. அம்பிகா கடைசி ஆயுதத்தை எடுத்தாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பாடம் கேட்பது. மெஷின் ஓடும் சத்தத்தில் ஃபேன் சத்தம் கரைந்துவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இரண்டு சத்தத்தையும் மீறி டீச்சர் குரல் கேட்க வேண்டுமே. ஒலியை முழுக்கக் கூட்டினாள். ‘ஒத்த முக்கோணங்களின் பக்கங்கள்’ தெருவரைக்கும் போனது.

மூன்றாம் நாள் செங்கமலம் வாசலில் வந்து நின்றாள்.

“ஏன் அம்பிகா, நாள்பூரா மெஷினு ஓடுது. ஊருக்கே தைக்கிற. என் ஜாக்கெட்டு மட்டும் ஏன் வர மாட்டேங்குது? நாளைக்கு ஜெயங்கொண்டத்துல கல்யாணம்டி!”

“முடிஞ்சிருச்சுக்கா. இந்தா.”

பதற்றத்தில் மெஷின்மேல் கிடந்ததை உருவி நீட்டினாள். செங்கமலம் கையை நுழைத்தாள். கை போகவில்லை. மறு கையை நுழைத்தாள். அதுவும் போகவில்லை. முக்கோணங்களைக் கேட்டபடி மிதித்ததில், இரண்டு கையையும் கழுத்தையும் சேர்த்து மூடித் தைத்திருந்தாள் அம்பிகா.

“இதென்னடி, தலகாணி உறையா?”

உள்ளேயிருந்து கொளஞ்சி சொன்னார்: “விடு செங்கமலம், புது மாடலா இருக்கும்.”

அன்று சாயங்காலம் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்து, கறையைச் சீயக்காய் போட்டு அலசிக் கொடுத்த பிறகு, அம்பிகா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறினாள்.

ரிப்பேர் கடை முத்தமிழ்செல்வன் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தான். சிவப்பு, பச்சை, நீலம் என்று நூலும் பஞ்சும் எண்ணெயில் ஊறிக் கிடந்தன.

“அக்கா, இதுல என்ன ஊத்துனீங்க?”

“தையல் மெஷினு எண்ணெ.”

“நல்லவேள, டீசல் ஊத்தல. ஃபேனு மாத்தணும். திருச்சியிலேர்ந்துதான் வரணும்.”

“எப்ப தம்பி வரும்? பரீட்ச இருக்கு.”

“யாருக்குக்கா, புள்ளைக்கா?”

“எனக்கு.”

வாய்தவறி வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கெழம குடுத்துர்றேங்க்கா,” என்றான். அந்த ‘ங்க’ அவளுக்கு இதமாக இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் முந்திரித் தோப்புகள் ஓடின. அவள் எதையும் பார்க்கவில்லை. வட்டப் பாடம் இன்னும் பாக்கி. வட்டத்தில்தான் போன தடவை விழுந்தாள்.

வீட்டில் நுழைந்ததும் மாமனார் அவள் கையைப் பார்த்தார்.

“எங்கம்மா அது?”

“ரிப்பேருக்குக் குடுத்துட்டேங்க மாமா. இனிமே நீங்க நிம்மதியாத் தூங்கலாம்.”

“எப்ப வரும்?”

“வெள்ளிக்கெழம.”

“அம்மாம் நாளா!” என்றார். அதற்குப் பிறகு சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மறுநாளும் அப்படியே. கட்டிலை மட்டும் சுவரோரத்திலிருந்து நகர்த்தவில்லை. சத்தம் நின்றும் இந்த மனுஷனுக்கு என்ன குறை என்று அம்பிகாவுக்குப் புரியவில்லை. ஒருவேளை எல்லாம் தெரிந்துபோய், திட்டுவதற்கு நேரம் பார்க்கிறாரோ? கேட்கவும் தைரியமில்லை. பக்கத்தில் போய்த் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், முக்கூட்டு ரோட்டு டீக்கடைக்காரர் பூவரசன் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கட்டிலில் இருந்த கொளஞ்சி அவரைப் பார்த்ததும் கண்ணால் என்னவோ ஜாடை காட்டினார். பூவரசன் அதைக் கவனிக்கவில்லை.

“அம்பிகா, அந்த லேப்டாப்பு எப்பம்மா வருது?”

“ஏன்ணே, உங்களுக்கு எதுக்கு?”

“என்னம்மா இப்புடிக் கேக்குற? ‘மருமவளுக்கு ஒரு சந்தேகம்னா வூட்டுல கேக்க ஆளு வேணாமா’ன்னு ஒங்க மாமனாரு நீ கேக்குற பாடத்தச் செவுத்துல காத வெச்சுக் கேட்டுட்டு வந்து, நெதம் எங்க கடைச் செவுத்துல கரியால போட்டுப் பாக்குறாரு, பாதி அந்த எரைச்சல்ல வுழலன்னு ஒரே பொலம்பலு, இப்ப முக்கோணத்தோட நிக்குது, வட்டத்துக்கு நாங்கல்லாம் காத்துக் கெடக்குறோம்!”

கொளஞ்சி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.