சுவருக்கு ஒரு குடும்பம்

மனைவியின் மூக்கை ஓவியர் வெள்ளைச் சாயம் பூசி அழித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா உள்ளே வந்துவிட்டார்.

“என்ன தம்பி, மூஞ்சியைக் காணோம்?”

கதவைத் தாழிடாதது ஓவியரின் தப்பு. தட்டாமல் வருவது வீட்டுக்காரம்மாவின் வழக்கம். சொந்த வீட்டு மாடிப்படி ஏற யாரைக் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி.

“சரியா வரலம்மா. திரும்பப் போடறேன்.”

“நல்லாத்தானே இருந்தாங்க.”

“இப்பக் கொஞ்சம் சதை போட்டுட்டா.”

இங்கே ஓர் உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டும். ஓவியருக்கு மனைவி கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூட அறிவியல் புத்தகங்களுக்கு இதயமும் சிறுநீரகமும் வரைந்து கொடுப்பதும், சாப்பிட்ட ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதும்தான் அவர் வாழ்க்கை. ஆனால் வீடு பார்க்க வந்த அன்று, “குடும்பஸ்தருக்கு மட்டும்தான் விடுவேன்” என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்ல, “குடும்பம் வெளியூர்ல இருக்கும்மா. அவளுக்கு மாற்றல் கிடைச்சதும் வந்துடுவாங்க” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். வாய் தவறி எட்டு வருஷம் ஆகிறது.

முன்பு குடியிருந்தவர் இதே போல ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டு, பதினைந்தே நாளில் பெட்டியைக் கட்டியவர். அதனால் வீட்டுக்காரம்மா வாரம் தவறாமல் “எப்ப வர்றாங்க?” என்று கேட்கும்போதெல்லாம் ஓவியர் அவசரமாக ஒரு புதுக் காரணம் தேடுவார். அந்த வாரத்தில் அவரிடம் யாராவது எதையாவது கேட்டார்கள் என்றால் அந்த ஒரு கேள்விதான் என்பதும் உண்மை.

இந்த நிலைமையில்தான் திரைப்படக் கல்லூரியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். கடைசி வருஷப் படத்துக்கு அவள்தான் கலை இயக்குநர். பென்சிலால் கொண்டை போட்டிருந்தாள்.

“கதாநாயகன் தனியா இருக்கறவர் சார். சுவத்துல மட்டும் பொண்டாட்டி, ஒரு பொண்ணு, ஒரு பையன். அதை நீங்க வரையணும்.”

“போட்டோ எடுத்து மாட்டினா ஆகாதா?”

“ஐயோ, போட்டோங்கற பேச்சே எடுக்கக் கூடாது சார். போன வருஷம் அஞ்சு படம் எடுத்தாங்க. அஞ்சுலயும் சுவத்துல ஒரே குடும்பம். கடையில ஃபிரேம் வாங்கினா உள்ளயே ஒரு மாதிரிப் படம் வச்சுக் கொடுப்பாங்கல்ல, அதை அப்படியே மாட்டிட்டாங்க. வாத்தியார் திட்டித் தீர்த்துட்டாரு. இந்த வருஷம் கையால வரைஞ்சாத்தான் மார்க்.”

ஓவியர் சிரித்தார். இந்த வீட்டில் அவர் சிரித்த சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

நடிக்கப்போகிற மூவரின் முகங்களையும் பார்த்து ஆசையாக வரைந்தார். முடித்த மறுநாள், மோட்டார் ஓடவில்லை என்று சொல்ல வந்த வீட்டுக்காரம்மா, படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இவங்கதானா?”

ஓவியர் மறுக்கத்தான் வாயைத் திறந்தார். “ஆமா” என்று வந்தது.

“நீங்க இல்லையே இதுல?”

“வரையறவன் எப்படிம்மா உள்ள நிக்க முடியும்?”

அன்றைக்கு ஓவியருக்கு ரொம்ப நாள் கழித்து நன்றாகப் பசித்தது.

அடுத்த வாரமே மனைவியாக நடிக்க வேண்டியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவள் போய்விட்டாள். வேறொருத்தி வந்தாள். “மூஞ்சியை மட்டும் மாத்திக் கொடுங்க சார்” என்றாள் கலைப்பெண். அப்படித்தான் மனைவி மூக்கை இழந்து, வீட்டுக்காரம்மாவிடம் சொன்ன கணக்கில் சதையும் போட்டாள்.

புது முகம் காய்ந்ததும் வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார்.

“சதை போட்டா மூக்குமா மாறும்?”

“அது... சைனஸ். ஆபரேஷன் பண்ணாங்க.”

“எந்த ஆஸ்பத்திரி? எனக்கும் அந்தத் தொல்லை இருக்கு.”

“வெளியூர்ம்மா.”

அன்றிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நலம் விசாரிப்பு நடந்தது. இல்லாத மனைவிக்கு ஓவியர் காய்ச்சலை வரவழைத்து, இறக்கி, கஞ்சி கொடுத்து, தையல் பிரித்தார். பொய் சொல்கிறோம் என்ற பயம் இருந்தது. அதைவிட, சாயங்கால விசாரிப்புக்கு ஆள் வரத் தாமதமானால் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கெட்ட பழக்கமும் வந்துவிட்டது.

அடுத்த திருத்தம் மகளுக்கு வந்தது.

“பொண்ணு வேண்டாம் சார். படமே ஒன்பது நிமிஷம். அவளுக்கு அதுல வேலை இல்ல.”

ஓவியருக்குச் சுருக்கென்றது. மகளின் இடது புருவத்தில் அவராகவே ஒரு சின்ன வெட்டுத் தழும்பு வைத்திருந்தார். சைக்கிளில் விழுந்தாள் என்று கதையும் வைத்திருந்தார். இரண்டு நாள் தள்ளிப்போட்டு, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவள்மேல் ஒரு பூச்சாடியை வரைந்தார்.

“பொண்ணு எங்க தம்பி?”

“ஹாஸ்டல்ல சேர்ந்துட்டா.”

“ஹாஸ்டல்ல சேர்ந்தா படத்துலேருந்துமா அழிப்பாங்க?” வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்தினார். “யாரையாவது விரும்பிப் போயிட்டாளா?”

ஓவியர் தூரிகையைக் கழுவப் போனார். அதுவே பதிலாகிவிட்டது.

“இதுக்கெல்லாம் உதறித் தள்ளக் கூடாது. என் பையனும் அப்படித்தான் கட்டிக்கிட்டான். நான் கோவிச்சேனா? இப்ப வெளிநாட்டுலேருந்து ஞாயித்துக்கிழமை தவறாம பேசறான்.”

அவர் வீட்டுக் கூடத்தில் அந்த மகன், மருமகள், பேத்தி படம் இருக்கிறது. மூன்று பேரும் புல்வெளியில் உட்கார்ந்து சிரிப்பார்கள். பல்வரிசை ஒவ்வொருவருக்கும் அப்படி. வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் ஓவியர் அதை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு வருவார்.

மூன்றாவது திருத்தம்தான் தலையில் கல்லைப் போட்டது. இயக்குநர் கதையை மாற்றிவிட்டானாம். மனைவி பக்கத்தில் கதாநாயகனும் நிற்க வேண்டுமாம்.

“தோள்ல கை போட்ட மாதிரி சார். மீசை நல்லா அடர்த்தியா.”

கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு வரைந்தார். சாயம் காயட்டும் என்று ஜன்னலைத் திறந்தார். மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போன வீட்டுக்காரம்மா அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். ஈரத்துணியோடு வந்து கதவைத் தட்டினார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தட்டினார்.

“யாரு இந்த ஆளு?”

“மச்சான். அவ அண்ணன்.”

“தம்பி, எனக்கு வயசாயிடுச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு.” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “முதல்ல பொண்ணு போனா. இப்ப இது. இதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு, வரைஞ்சு வரைஞ்சு அழிச்சா ஆச்சா? அவங்க நம்பரைக் கொடுங்க. நானே பேசறேன். ரெண்டு வார்த்தை நல்லபடியா சொன்னா வந்துடுவாங்க.”

அவர் கண் கலங்கியிருந்தது. ஓவியர் எதிர்பார்த்து வைத்திருந்தது சண்டையை. அதற்கு வேண்டிய பொய்கள் கைவசம் இருந்தன. இதற்கு இல்லை.

“நம்பர் இல்லம்மா. எனக்கு யாருமே இல்ல. இது சினிமாவுக்கு வரைஞ்சது. அன்னிக்கு வீடு கிடைக்கணும்னு பொய் சொல்லிட்டேன். அப்புறம்... நீங்க கேக்கும்போது நிஜமாவே எங்கேயோ இருக்காங்கன்னு தோணும். அது பிடிச்சுப்போச்சு. மாசக் கடைசியில காலி பண்ணிடறேன்.”

வீட்டுக்காரம்மா படத்திலிருந்த பூச்சாடியைப் பார்த்தார். மடியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது.

“பொண்ணுக்குப் பேரு வச்சிருந்தீங்களா?”

“வச்சிருந்தேன்.”

“வைக்கத்தான் தோணும்” என்றார். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். “காலியெல்லாம் பண்ண வேண்டாம். வெளியில யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம். நான் எப்பவும் போல எப்ப வர்றாங்கன்னு கேக்கறேன். நீங்களும் எப்பவும் போல சொல்லுங்க.”

ஓவியருக்கு நம்பவே முடியவில்லை. மகன், மருமகள், பேத்தி என்று நிறைவாக இருக்கிறவர்களுக்குத்தான் இப்படிப் பெரிய மனசு வரும் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் படத்தை எடுத்துப்போகக் கலைப்பெண் வந்தாள். சுற்றி எடுக்கத் துணி இல்லை. “கீழ வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு பழைய போர்வை கேட்டு வாங்கிக்கோம்மா” என்று ஓவியர் அனுப்பினார்.

போனவள் வர நேரமானது. வந்தபோது கையில் போர்வை இருந்தது. அதைப் பிரிக்காமல் நின்றாள்.

“என்னம்மா, திட்டினாங்களா?”

“இல்ல சார், டீ கொடுத்தாங்க. பையன், மருமக, பேத்தின்னு சுவத்துல இருந்த படத்தையும் காட்டினாங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “போன வருஷம் அஞ்சு படத்துலயும் சுவத்துல தொங்கினது அதே குடும்பம்தான் சார்.”