கன்னத்தில் ஐஸ்

"வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம். பஞ்சு போதுமா?"

"ஓதும்" என்றான் ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன், மனைவி அவனுடைய இடது கன்னத்துக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் நடந்தது என்னவோ கன்னத்தில் இல்லை. விதைப்பையில் ரத்தக்குழாய் சுருண்டு வீங்கியிருக்கிறது, ஆறு வருஷமாகக் குழந்தை இல்லாததற்கு அதுதான் காரணமாக இருக்கும், அடிவயிற்றில் சின்னதாகக் கீறிச் சரிசெய்தால் நல்ல சேதி வரலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை. இன்று காலையில் போய், மாலையில் எல்லாம் முடிந்து திரும்பியாயிற்று. காலை அகட்டி அகட்டி மூன்று மாடி ஏறியதில் உயிர் போய் வந்தது. மனசு மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.

"பொண்ணுன்னா என்ன பேர் வைக்கலாம்?" என்றான் பஞ்சு வாயோடு.

"முதல்ல உள்ள போய்ப் படுங்க" என்று சிரித்தாள் அவள்.

அம்மாவிடம் சொல்லியிருந்தது கடைவாய்ப் பல் பிடுங்கப் போகிறேன் என்று. காரணம் இருக்கிறது. அம்மா காதில் ஒரு விஷயம் விழுந்தால் அடுக்குமாடியில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் பரவிவிடும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஐஸ் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தொழில்காரன் அல்லவா, ஒரு வாரத்துக்கு முன்பே ஃபிரீஸரில் பன்னிரண்டு ஐஸ் பைகளை அடுக்கி வைத்துவிட்டான். சோபாவில் சாய்ந்ததும், "ஐஸ்" என்று முனகினான்.

மனைவி எழுவதற்குள் அம்மா ஓடினாள். கொண்டு வந்த பையை அவன் கையில் கொடுத்தாளா என்றால் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தானே அவன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நானே வச்சுக்கறேம்மா."

"அசையாதே. பெத்தவளுக்குத் தெரியாதா எங்க வைக்கணும்னு?"

கன்னம் மரத்துப் போனது. ஐஸ் வைக்க வேண்டிய இடம் எரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த பையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் நழுவினான். இரண்டே நிமிஷம், சொர்க்கம். அதற்குள் அம்மா கதவைத் தட்டினாள். பதறிப் போய் ஐஸைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"அது வலது கன்னமாச்சே? பஞ்சு இடது பக்கம்ல இருக்கு?"

"வீக்கம்... இந்தப் பக்கம் வந்துடுச்சும்மா."

"வீக்கம் எப்படிடா நடந்து போகும்?"

மூலை நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, தலையைத் தூக்காமல், "மூணு வாரத்துக்கு வெயிட் எதுவும் தூக்காதே" என்றார்.

"பல்லு பிடுங்கினவன் வெயிட் தூக்கினா என்னவாம்?" என்றாள் அம்மா. அப்பா பக்கத்தைப் புரட்டினார். அம்மாவோ கீழ் வீட்டுப் பல் டாக்டரைக் கூட்டிவரப் படியிறங்கிவிட்டாள்.

டாக்டர் பெண் டார்ச்சோடு வந்தாள். பஞ்சை எடுத்தாள். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"முப்பத்திரண்டும் அப்படியே இருக்கே! எந்தப் பல்லைங்க பிடுங்கினாங்க?"

மனைவி குறுக்கே விழுந்து காப்பாற்றப் பார்த்தாள். "பல்லு இல்ல டாக்டர். படியில வழுக்கி விழுந்துட்டார், இடுப்புல அடி. அத்தை பயப்படுவாங்கன்னுதான்..."

"இடுப்பா!" அம்மா தைல பாட்டிலோடு வந்து நின்றாள். "குப்புறப் படுடா. பைஜாமா நாடாவை அவுரு."

மெக்கானிக் இரண்டு கையாலும் நாடாவைப் பிடித்துக்கொண்டான். அம்மா ஒரு பக்கம் இழுத்தாள். அவன் "ஐயோ" என்று கத்தினான்.

"கத்தாதே!" என்று பாட்டிலை மேஜையில் வைத்தாள் அம்மா. "ஆறு வருஷமா ஒரு பேரக்குழந்தைக்கு ஏங்கிட்டிருக்கேன். நீ இடுப்பையும் உடைச்சுக்கிட்டு வந்து நிக்கிறே." பிறகு மருமகளிடம் திரும்பினாள். "நீ நாளைக்கே கிளம்பு. வேற லேடி டாக்டர் ஒருத்தர் இருக்காங்களாம், காட்டிடலாம்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். ஆறு வருஷமாக அப்படித்தான் குனிகிறாள். இன்றைக்கு அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

"அவளை எங்கயும் கூட்டிட்டுப் போகாதம்மா. அவகிட்ட ஒரு குறையும் இல்ல, என்கிட்டதான். இன்னிக்கு நடந்தது அதுக்கான ஆபரேஷன்."

டாக்டர் பெண் டார்ச்சை அணைத்தாள். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டா முதல்லயே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சும்மா. நம்ம வம்சத்துலயே யாருக்கும் இந்த மாதிரி இல்லையே."

அம்மா மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உன்னையே கேட்டுக் கேட்டுக் கொன்னுட்டேனே" என்று கண்ணைத் துடைத்தாள். ஆனால் அம்மாவுக்கு அழுகையைவிட ஆசை பெரிது. அடுத்த நிமிஷமே முகம் மலர்ந்தது. "அப்ப குழந்தை பொறக்குமா? எங்கடா கீறினாங்க?"

"இடது பக்கம், அடிவயித்துல" என்றான், பழக்க தோஷத்தில் ஐஸை மறுபடி கன்னத்தில் வைத்தபடி.

"அட! உங்கப்பாவுக்கும் அதே இடத்துலதான் தழும்பு! அது குடல்வால் ஆபரேஷன். கல்யாணமாகி நாலு வருஷம் எங்களுக்கும் ஒண்ணும் தங்கல. அவர் குடல்வாலை எடுத்த அடுத்த வருஷமே நீ பொறந்தே. ராசியான இடம்டா அது!"

டாக்டர் பெண் யோசனையோடு கேட்டாள்: "ஆன்ட்டி, குடல்வால் வலது பக்கம்ல இருக்கும்?"

எல்லோரும் மூலை நாற்காலியைப் பார்த்தார்கள். பேப்பர் மெல்ல உயர்ந்து அப்பாவின் முகத்தை முழுசாக மறைத்தது. அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது:

"ஐஸை முதல்ல கன்னத்துலேருந்து கீழ இறக்குடா. எனக்கு அஞ்சே மாசத்துல பலிச்சுது."