கமலாசனியின் கைராசி

ஐந்தாவது இலையும் மஞ்சளாகிவிட்டது.

நவரட்ணராஜா கதிரையை இழுத்துப்போட்டு அந்தூரியச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். மனைவி கமலாசனி போய்ச் சேர்ந்து பதினோரு மாதம். அவள் விட்டுப்போனதில் உயிரோடு இருந்தது இந்த ஒரு செடிதான். அதையும் தன் கையாலேயே சாகக்கொடுக்கப்போகிறோம் என்ற நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கண்டியில் மனநல ஆலோசனை சொல்லும் கோசலாவிடம் அவரை அனுப்பிவைத்தது, இலண்டனிலிருக்கும் மகள் தனுஷியா. கோசலாவுக்கு அவருடைய மகளின் வயதுகூட இருக்காது. "ஐயா, ஒரு செடியைக் கவனமா வளர்த்துப் பாருங்கோ. அது தளிர்க்கத் தளிர்க்க உங்கட மனமும் ஆறும்" என்றாள். அதன்பிறகு போகும்போதெல்லாம் செடி எப்படி என்று கேட்பாள். எனக்கு நித்திரை இல்லாமல் போனதே இந்தச் செடியால்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "ஓம், சுகமா இருக்குது" என்பார்.

இத்தனைக்கும் மனைவி இறந்து ஏழு மாதம் அவர் கட்டிலை விட்டே சரியாக எழும்பவில்லை. விறாந்தை ஓரத்துச் சாரல் மட்டும் குடித்துக்கொண்டு செடி அப்போது பச்சைப் பசேலென்று நின்றது. கோசலாவின் பேச்சைக் கேட்டு அவர் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் சீக்கு வந்தது. மனிதர் அதை யோசித்துப் பார்த்திருக்கலாம். துக்கத்தில் இருப்பவருக்குக் கணக்குப் பிடிபடுவதில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னும் அவர் இப்படித்தான் படுத்தார். நீர்ப்பாசன அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர், மூன்று மாதம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருநாள் கமலாசனி இந்தச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "எனக்குக் குனியேலாது, முழங்கால் குத்துது. நீங்கள்தான் இதுக்குத் தண்ணி விடவேணும்" என்றாள். வேறு வழியில்லாமல் எழுந்தார். காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி. அப்படியே பல் தேய்த்தார், பேப்பர் படித்தார், ஓய்வூதியர் சங்கத்துக்கும் போகத் தொடங்கினார்.

செடி ஒருநாளும் வாடியதில்லை. கொஞ்சம் சோர்ந்ததுபோலத் தெரிந்தாலும், அவர் சங்கக் கூட்டத்துக்குப் போய்வருவதற்குள் நிமிர்ந்து நிற்கும். கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமைகளில் கமலாசனி வத்தேகம அம்மன் கோயிலுக்குப் போவாள். செடியின் பேரிலும் அர்ச்சனை செய்வதாகச் சொல்வாள். தான் வெறும் தண்ணீர் சுமக்கிறவன், செடி வாழ்வது அவளுடைய கைராசியில் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்.

இப்போது அந்தக் கை இல்லை. ஆகவே தண்ணீரைக் கூட்டினார். மத்தியானமும் ஒரு வாளி. ஆறாவது இலை மஞ்சளானது.

பக்கத்து வீட்டு ஹபீலா, தேயிலைச் சக்கையும் முட்டைக்கோதும் போட்டால் எழும்பும் என்றார். போட்டார். எறும்பு படையெடுத்து வந்து சாமியறை வரைக்கும் போயிற்று. எறும்புக்கு மருந்து தூவினார். எறும்பு போகவில்லை, இரண்டு இலை போயிற்று.

வெயில் போதாதோ என்று சட்டியை மதில்மேல் தூக்கி வைத்தார். உடவத்தைக் காட்டிலிருந்து வந்த குரங்குக் கூட்டம், மிஞ்சியிருந்த ஒரே பூவையும் பிய்த்துத் தின்னாமல் துப்பிவிட்டுப் போனது. அன்று அவர் மதிலடியிலேயே நின்று அழுதார்.

அடுத்த நாள் தனுஷியா வீடியோ அழைப்பு எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அவசரத்துக்கு டவுனில் ஒரு பிளாஸ்டிக் பூக்கொத்து வாங்கிவந்து சட்டியில் குத்தி, போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு காட்டினார். மகள் கண்கலங்கிப் போனாள்.

"அம்மாவின்ர செடி இன்னும் பூக்குதே அப்பா. ஆட்டைத் திவசத்துக்கு வரேக்க அதில ஒரு கன்று பிரிச்சுத் தாங்கோ. அம்மா என்னோட இருக்கிற மாதிரி இருக்கும்."

அந்த முதல் வருடத் திவசத்துக்கு இருந்தது மூன்று கிழமை. பிளாஸ்டிக்கில் கன்று பிரிக்க முடியாது. நீ அம்மாவாக நினைத்துக் கேட்ட செடியை நான் சாகடித்துவிட்டேன் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுபோய்க் கண்டி மார்க்கெட் பக்கத்துப் பூச்செடிக் கடையில் காட்டினார். ரோசா நிறத்தில் பச்சை விளிம்பு வைத்த அந்த வகை தன்னிடம் இல்லை, வத்தேகமயில் பாப்பம்மா என்பவரின் நாற்றுமேடையில்தான் கிடைக்கும் என்றார் கடைக்காரர். பொய்க்குத் துணை தேடிப் போகிறோம் என்ற குற்ற உணர்ச்சியோடு, புதுச் செடியை அதிலேயே நட்டுக்கொண்டுவரச் சட்டியைக் கமலாசனியின் பச்சைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வளைவுக்கு வளைவு அதைப் பிள்ளையைப் போல மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

பாப்பம்மா முன்பு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இப்போது வீட்டைச் சுற்றிப் பூச்செடி வளர்த்து விற்கிறார். கூடையைக் கண்டதும் எழுந்து வந்தார். சட்டியின் உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"இது கமலாசனி அம்மா சட்டியாச்சே. அவங்க வரலீங்களா?"

"அவ மோசம் போயிட்டா. வாற மாசம் ஆட்டைத் திவசம்."

பாப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். வேரெல்லாம் கறுத்து அழுகியிருந்தது. வரிசையிலிருந்து அதே ரோசா நிறச் செடி ஒன்றை எடுத்து, பழகிய கையால் மண் போட்டு நட்டார்.

நவரட்ணராஜாவுக்குத் தாங்கவில்லை. முன்பின் தெரியாத அந்த மனுசியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மூன்று வேளை தண்ணீர், எறும்பு, குரங்கு, பிளாஸ்டிக் பூ, மகளுக்குச் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

"பதினோரு வருசம் அவ இதை ஒரு இலை வாடாமல் வச்சிருந்தவ. அவவின்ர கைராசி எனக்கில்லை, அம்மா. நான் தொட்டது பட்டுப்போகுது."

பாப்பம்மா சட்டியைக் கூடைக்குள் இறக்கி வைத்தார்.

"பதினோரு வருசமா இந்தச் சட்டியில நான் முப்பது செடி மாத்தி வச்சுக் குடுத்திருக்கேங்க ஐயா; 'அவரு தண்ணி ஊத்தியே கொன்னுடுறாரு பாப்பம்மா, ஆனா அந்தத் தண்ணிய ஊத்தத்தான் காலையில எந்திரிக்கிறாரு, செத்தது தெரிஞ்சா மறுபடியும் படுத்துருவாரு'ன்னு அம்மா சொல்லுவாங்க."